ஏழு படகுகள் குறைந்த பட்டியல்

3 அக்டோபர் 2005, திங்கள்

காலை ஐந்து மணிக்கே டோக்கன் ஜன்னலில் சத்தம். தங்குகடலுக்குப் போகும் விசைப்படகுகள் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் திரும்பும். அதனால் படகின் பெயர், போகிற ஆட்களின் பெயர், வயர்லெஸ் சேனல் எல்லாவற்றையும் எங்கள் சங்க அலுவலகத்தில் பதிந்து டோக்கன் வாங்கினால்தான் கிளம்ப முடியும். ஒரு படகைப் பதிய இன்று நான்கு நிமிடம் ஆனது. ஒரு பெயரைக் கேட்டுவிட்டு, அது திரையில் வருவதற்குள் வாசல்வரை போய்த் திரும்பிவிடலாம்.

“ஏ பெபி, நீ டோக்கன் போடுததுக்குள்ள மீனே கரைக்கு வந்து எங்களைப் பாத்துட்டுப் போயிரும்” என்றார் ஒரு டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செயலாளர் கஸ்பார் அண்ணாச்சி பத்து மணிக்குக் கூப்பிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருத்தி வருகிறாளாம். கணவருக்கு இங்கே வங்கியில் மாற்றலாம். மூன்று மாதத்துக்கு நம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொடுக்கட்டும் என்றார். “உன்னைக் குறை சொல்லுததா நினைக்காத” என்றும் சொன்னார். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

மழையில் துணி எதுவும் காயவில்லை. மகள் அக்சிலியாவின் சீருடையை ஃபேனுக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

5 அக்டோபர், புதன்

நினைக்கவில்லை என்று எழுதினேன். இரண்டு நாளாக அதையேதான் நினைக்கிறேன்.

2003இல் இந்தச் சர்வரை உருவாக்கியது நான்தான். விலையில்லாமல் கிடைக்கும் திறந்தமூல டேட்டாபேஸ். பெயர் போஸ்ட்கிரெஸ். ஆனால் அது அன்று லினக்ஸ் மாதிரி சிஸ்டங்களில்தான் ஓடும். சங்கத்தில் இருந்ததோ விண்டோஸ். தமிழில் ரசீது அடிக்கிற மென்பொருள் விண்டோஸை விட்டு வராது. விண்டோஸுக்குள் உட்கார்ந்துகொண்டு லினக்ஸ் போல நடிக்கும் எமுலேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குள் டேட்டாபேஸை ஓட வைத்தேன். பிரவுசிங் சென்டரில் நானூறு பக்கம் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். அது முதன்முதலாக என் கேள்விக்குப் பதில் சொன்ன அன்று, கப்பலில் இருந்த என் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாழ்த்து மட்டும் சொன்னார்.

கேட்ட பெயரைத் தேடிப் பதில் சொல்வதில்தான் அது மெதுவே தவிர, புதுப் பதிவை எழுதுவதில் சுறுசுறுப்பு. அதற்கு நான் செய்த ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. அது கிடக்கட்டும்.

6 அக்டோபர், வியாழன்

அவள் பெயர் சாரதாமணி. முப்பது வயதுகூட இருக்காது. மீன் வாடைக்கு முகத்தைச் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சுளித்தாள். ஆனால் அதை மறைக்காமல், “பழகிக்கறேனுங்க, ரெண்டு நாள் ஆகும்” என்றாள்.

கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. காலை முழுக்க என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எண்கள் எழுதிக்கொண்டிருந்தாள். கூட்டம் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, இதை யாருங்க செட் பண்ணுனது?”

“நான்தான்.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரும் இல்ல.”

“எங்க கம்பெனியில நாலு பேரு சேர்ந்து இதே மாதிரி பண்ணப் பாத்தோமுங்க. ஓடவே இல்லீங்க. விட்டுட்டோம்” என்றாள்.

இரவு சாப்பாடு இறங்கியது. மூன்று நாளாக இறங்கவில்லை.

8 அக்டோபர், சனி

கிரைண்டர் ரிப்பேர். அலுவலகத்தில் விசேஷம் இல்லை.

12 அக்டோபர், புதன்

சாரதாமணி இன்று கஸ்பார் அண்ணாச்சிக்கு விளக்கம் சொன்னாள். கம்ப்யூட்டர் தெரியாதவரிடம் இவ்வளவு தெளிவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

“அண்ணா, ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு கேள்வி கேட்டா, உள்ள பதில் சொல்ல புதுசா ஒரு ஆளு வரோணும். லினக்ஸ்ல அந்த ஆளு கூப்பிட்ட உடனே வந்துருவாரு. இந்த எமுலேட்டர்ல அந்த ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் சட்டை தைச்சுப் போட்டு, பேரு வெச்சு, அப்புறமா அனுப்போணும். பத்து செகண்டு அதுக்கே போயிருதுங்க.”

“அப்ப இப்ப என்ன செய்யணும்?” என்றார் அண்ணாச்சி.

“இந்த வருசம் ஜனவரியில புது வெர்சன் வந்திருக்குதுங்க. விண்டோஸ்லயே நேரா ஓடும். நடுவுல எமுலேட்டரே வேண்டாமுங்க.”

எனக்கு அது தெரியாது. ஒன்பது மாதமாக வந்து கிடக்கிறது, நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

போகும்போது கேட்டாள்: “எமுலேட்டருக்குள்ள ஓடியும் எழுதறது மட்டும் எப்படிங்கக்கா இவ்வளவு வேகம்?”

“ஹார்ட் டிஸ்க் நல்ல டிஸ்க்” என்றேன்.

பொய் இல்லை. நல்ல டிஸ்க்தான்.

18 அக்டோபர், செவ்வாய்

பக்கத்து மேசையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, புது வெர்சனைப் போட்டிருக்கிறாள். நேரடியாக ஓடுகிறது. நான் இரண்டு நாள் பட்ட பாட்டை அது முப்பது நிமிடத்தில் முடித்தது. இருவரும் ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் இரண்டிலும் கேட்டோம். என்னுடையது பதினொரு விநாடி. அவளுடையது நான் விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

எனக்குப் பொறாமை வரும் என்று நினைத்தேன். வந்தது சந்தோஷம். மறுபடி கேட்டுப் பார்த்தேன். மறுபடியும். படகுகளின் பெயர்கள் மழை கொட்டுவது போல வந்தன. சாரதாமணி சிரித்தாள். “போதுமுங்கக்கா, தேஞ்சு போயிரும்.”

பிறகு எழுதிப் பார்க்கும் சோதனை. செப்டம்பர் மாதத்து டோக்கன்கள் அத்தனையையும், இடையில் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒரே மூச்சில், இரண்டிலும் மறுபடி பதிய விட்டாள். பழையதில் நான்கு நிமிடம். புதியதில் ஒன்பது.

அவள் முகம் மாறியது. மூன்று முறை செய்து பார்த்தாள். அதே ஒன்பது.

“கணக்கு ஒத்து வரலீங்களே” என்றாள்.

நான் அக்சிலியாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

21 அக்டோபர், வெள்ளி

இன்று நிர்வாகக் குழு. படகு உரிமையாளர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குப் புரிந்தது ஒரே ஒரு விஷயம்: டோக்கன் எழுத நாலு நிமிடமா, ஒன்பது நிமிடமா.

“வேகமாக்க வந்த புள்ள மெதுவாக்கிட்டுப் போகுதே” என்றார் ஒருவர்.

சாரதாமணி எழுந்து நின்று, “ஏன்னு எனக்கு இன்னும் தெரியலீங்க. தெரியாம எதையும் சொல்ல மாட்டேனுங்க. ஒரு வாரம் டைம் குடுங்க” என்றாள். எண்ணைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சோதனையையே சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளே செய்து அவளே கொண்டுவந்து வைத்தாள்.

மழைக்காலம் முடியும்வரை பழைய மெஷினே போதும் என்று முடிவானது.

நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கை வலித்தது.

22 அக்டோபர், சனி

அந்த ஏற்பாட்டை எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவையும் டிஸ்கில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் “சரி” என்று சொல்லும். அதனால் கரண்ட் போனாலும் “சரி” என்று சொன்னது அழியாது. 2003 டிசம்பரில், டோக்கன் தாமதம் என்று ஜன்னலில் ஒருவர் கண்ணாடியைக் குத்தி உடைத்த அன்று, அந்தக் காத்திருப்பை நான் நிறுத்தினேன். ஒரு வரிதான். அதிலிருந்து டேட்டாபேஸ் நினைவில் வைத்துக்கொண்டே “சரி” என்று சொல்லிவிடுகிறது. டிஸ்குக்குப் பிறகு போகும். இதைச் செய்யாதே என்று நான் எடுத்த பிரிண்டிலேயே போட்டிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தேன்.

யு.பி.எஸ். இருக்கிறது. இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

24 அக்டோபர், திங்கள்

சாரதாமணி விடவில்லை. சோதனை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அவள் காலை ஐந்து மணிக்கு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சத்தமாகப் படிக்கிற பெயர்களைக் கேட்டு அவளுடைய மெஷினிலும் பதிகிறாள். ஒவ்வொரு டோக்கனும், கரைக்குத் திரும்புகிற ஒவ்வொரு படகும். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கப்போவதும் இல்லை.

“எதுக்கு இந்தப் பாடு?” என்றேன்.

“நெசமான கூட்டத்துல எப்படி ஓடுதுன்னு தெரியோணுமில்லீங்க?”

அவளிடம் சொல்லிவிடலாம் என்று மதியம் டீ வாங்கி வந்தேன். டீயைக் குடித்தோம். அவள் ஊரில் இருக்கும் தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம்.

27 அக்டோபர், வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஆறே காலுக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு முறை கூவி நின்றுவிட்டது. பேட்டரி செத்திருக்கிறது. இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் அணைந்தன. அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. பழைய மெஷின் எந்தத் தகராறும் இல்லாமல் திறந்தது. கடலில் இருக்கும் படகுகள் 64 என்று காட்டியது. எனக்கு எழுபது பக்கம் இருக்கும் என்று தோன்றியது. கூட்டத்தில் யார் எண்ணிக்கொண்டிருக்க முடியும் என்று மிச்ச டோக்கனைப் பதிய உட்கார்ந்தேன். ஆனால் அதற்குமேல் யாரும் வரவில்லை. மழை வலுத்துவிட்டது.

பதினொரு மணிக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. உடனே எல்லாப் படகையும் கரைக்குத் திருப்ப வேண்டும். வயர்லெஸ் அறையில் அமலதாஸ் மாமா. கடலில் ஒவ்வொரு குழுவும் தங்களுக்கென்று ஒரு சேனலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பட்டியலைப் பார்த்து அந்தச் சேனலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் காதில் விழும். “பட்டியலைக் கொண்டா பெபி” என்றார். அச்சடித்துக் கொடுத்தேன்.

அப்போது சாரதாமணி வந்தாள். “அக்கா, என் மெஷின்ல 71 காட்டுதுங்க.”

கஸ்பார் அண்ணாச்சியும் உரிமையாளர்கள் நாலைந்து பேரும் அறையில் இருந்தார்கள். “அது சோதனை மெஷினு. ரெண்டு வருசமா ஓடுத மெஷினை நம்பவா, முந்தாநாள் வந்ததை நம்பவா?” என்றார் அண்ணாச்சி. “காதுல கேட்டு அடிச்சதுதான, கரைக்கு வந்துட்ட படகோட பழைய டோக்கன் ஏழு உள்ள கிடக்கும். மாமா, நீங்க 64ஐக் கூப்பிடுங்க.”

சாரதாமணி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் உறுதி இல்லை. கண்ணில் தெரிந்தது. தன்னுடையது சரியென்று அடித்துச் சொல்ல அவளிடம் காரணம் இல்லை. அந்தக் காரணம் என்னிடம்தான் இருந்தது.

“அவ பட்டியல்தான் சரி” என்றேன். “என்னுடையது பொய்.”

“என்ன சொல்லுத?”

“நான் வேகத்துக்காக ஒரு செட்டிங்கை மாத்தி வச்சிருந்தேன். என் மெஷின் டிஸ்குல எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்லும். கரண்ட் போனப்ப எழுதாத ஏழும் போயிட்டு. அவ மெஷின் ஒவ்வொண்ணையும் எழுதிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். அதனாலதான் அது மெதுவு. அந்த ஏழு படகும் கடல்ல நிக்கு, அண்ணாச்சி.”

அமலதாஸ் மாமாதான் கையை நீட்டினார். “விசாரணையெல்லாம் பொறவு வச்சுக்கிடுங்க. ஏழு பேரைச் சொல்லு, சேனலைச் சொல்லு.”

சாரதாமணி படித்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஐந்து படகுகள் ஒன்றரை மணிக்குள் பதில் சொல்லின. இரண்டு சொல்லவில்லை.

28 அக்டோபர், வெள்ளி

நாள் முழுக்கக் காற்று. கூரைத் தகடு ஒன்று போய்விட்டது. அக்சிலியா என் மடியை விட்டு இறங்கவில்லை.

மதியம் அலுவலகம் போனேன். 69 படகுகள் கரை சேர்ந்துவிட்டன, அல்லது தெற்கே வேறு துறைமுகங்களில் ஒதுங்கிவிட்டன. மிச்சம் இரண்டு. அமலதாஸ் மாமா தொண்டை கட்டி, பேச்சு வராமல், எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் எழுத எழுத மைக்கில் கூப்பிட்டது சாரதாமணி. கடலைப் பார்த்தே ஒரு மாதம் ஆகாதவள், “சந்தன மாதா, சந்தன மாதா, கரையில இருந்து கூப்புடறேனுங்க” என்று மணிக்கணக்காக.

29 அக்டோபர், சனி

பதில் வராத இரண்டில் ஒன்று வியாழன் மாலையே தெற்கே ஒரு துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறது. வயர்லெஸ் பழுது, அவ்வளவுதான். இன்னொன்று சந்தன மாதா. இன்ஜின் நின்று மிதந்திருக்கிறது. சேனலில் கூப்பிட்ட சத்தத்தை வேறொரு படகு கேட்டு, திரும்பும் வழியில் தேடிப்போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஒன்பது பேரும் உயிரோடு வந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருக்கிறது.

பட்டியலில் இல்லாவிட்டால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

31 அக்டோபர், திங்கள்

அவசரக் கூட்டம். என்னை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று மூன்று பேர். நான் கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எந்தத் தேதியில் எந்த வரியை மாற்றினேன், ஏன், சோதனை நாளில் ஏன் வாயைத் திறக்கவில்லை, எல்லாம். நானே படித்தேன்.

கஸ்பார் அண்ணாச்சி சாரதாமணியின் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

“அக்கா செஞ்சது தப்புங்க” என்றாள். “சின்னத் தப்பு இல்லீங்க. ஆனா இந்த ஊருல டேட்டாபேஸ் தெரிஞ்சவங்க ரெண்டே பேருங்க. நான் ஜனவரியில போயிருவேன். புது மெஷினை இவங்களைத் தவிர யாருகிட்டயும் நான் குடுக்க மாட்டேனுங்க.”

இனிமேல் எந்தச் செட்டிங்கை மாற்றினாலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று தீர்மானம் போட்டு, என்னை விட்டுவைத்தார்கள்.

வெளியே வந்து அவளுக்கு நன்றி சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“கூட்டத்துல என்னை நிக்க வெச்சுட்டு வேடிக்கை பாத்தீங்களேக்கா. ஒம்பது நாளு எங்கே தப்பு பண்ணுனேன்னு தூங்காம தேடுனேன். உங்க பக்கத்துலயே உக்காந்துட்டுத் தேடுனேன்.”

அவள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

2 நவம்பர், புதன்

கல்லறைத் திருநாள். மாமியார் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றினோம், காற்றில் நிற்கவில்லை. சாரதாமணி நேற்றுத் தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். பேசவில்லை.

4 நவம்பர், வெள்ளி

புது பேட்டரி வந்தது. புது வெர்சனுக்கு மாறும் நாளும் இன்றுதான். சாரதாமணி ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். செய்ய வேண்டியவை பதினாறு. “நீங்க செய்யுங்க. நான் பாக்கறேன்.” அவ்வளவுதான் பேச்சு.

பழைய டேட்டாபேஸிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காணாமல்போன ஏழு டோக்கன்களை அவள் பதிவிலிருந்து சேர்த்து, புதியதில் ஏற்றினேன். கடைசியாக எமுலேட்டரை நீக்க வேண்டும். தாளில் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். இரண்டு வருடம் தனக்கு உரியதல்லாத வேலையை அது முணுமுணுக்காமல் செய்தது. பொய் சொல்ல வைத்தது நான்.

“அதை ஒரு சி.டி.யில எழுதி வெச்சுக்கலாமுங்க” என்றாள் சாரதாமணி. “அதை ஓட வெச்சது சாதாரண காரியமில்லீங்க. நான் மொத நாளு சொன்னது சும்மா சொல்லலீங்கக்கா.”

அக்கா என்று சொன்னாள். நான் பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

7 நவம்பர், திங்கள்

காற்று அடங்கி, படகுகள் மறுபடி கிளம்பின. ஒரு டோக்கனுக்கு நாற்பது விநாடி. ஒவ்வொன்றும் டிஸ்கில் உட்கார்ந்த பிறகுதான் “சரி” வருகிறது. அந்தத் தாமதம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிந்தால்தான் தெரியும் என்றாள் சாரதாமணி. ஜன்னலில் ஒவ்வொரு ஆளாகத்தானே வருகிறார்கள். இதற்காகவா அத்தனையும்.

எட்டு மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெசிந்தா. சந்தன மாதாவில் கை முறிந்தவரின் மனைவி. வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

“எங்க வீட்டு ஆளு பேரு இதுல எங்க இருக்கு? காட்டு.”

காட்டினேன். ஒரு விநாடியில் வந்தது. குனிந்து பார்த்தாள்.

“இது அழிஞ்சு போகுமா?”

இந்தச் சர்வரைப் பற்றி இரண்டு நாளாக எல்லாரிடமும் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் முடியவில்லை. “லேசுல அழியாது. ஆனா அழியும். போன தடவை உங்க வீட்டுக்காரர் பேரு அழிஞ்சதுக்குக் காரணம் நான்தான்.”

திட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். “கேள்விப்பட்டேன். நீ சொல்லுதியான்னு பாக்கத்தான் வந்தேன்” என்றாள். பிறகு, “அப்ப ஒரு பேப்பர்லயும் எழுதி எங்கிட்டக் குடு. கடலுக்குப் போறப்ப எல்லாம் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். உன் பெட்டி அணைஞ்சா நான் எடுத்துட்டு வாரேன்.”

சாரதாமணி சட்டென்று எழுந்தாள். “இது ஏனுங்க நமக்குத் தோணலை?” பத்து நிமிடத்தில், டோக்கன் போடும்போதே வீட்டுக்கு ஒரு தாள் கூடுதலாக அடிக்கும்படி செய்துவிட்டாள். மாற்றத்துக்கு இரண்டு கையெழுத்து. அவள் போட்டாள், நான் போட்டேன்.

சந்தன மாதாவின் பழைய டோக்கனுக்கே முதல் தாளை அடித்து ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“பேரு தப்பு. அவரு சூசை மிக்கேல் இல்ல. சூசை மரியான். மிக்கேல் அவரு அண்ணன். அவரு குஜராத்ல இருக்காரு.”

இரண்டு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. எமுலேட்டரிலும் இருந்தது, நேரடியாக ஓடும் சர்வரிலும் இருந்தது, கடலில் சேனல் சேனலாகக் கூப்பிட்ட பட்டியலிலும் இருந்தது. திருத்தினேன். புதுத் தாளை வாங்கி மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் வாசலில் பதினேழு பெண்கள் நின்றார்கள், தங்கள் தாளைக் கேட்டு. சாரதாமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜன்னலில் உட்கார்ந்தாள். “ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. எழுத்து எழுத்தாச் சொல்லுங்க.”